பெங்களூர் ஃப்ளாட்ல பூனைய விட்டுட்டு ஆபீஸ் போறவங்களுக்கு

"பூனை தானே, அது பாட்டுக்குக் கெடக்கும்"னு சொல்லாத ஆளே கெடையாது. ஆபீஸ்ல சொல்வாங்க, ஊர்ல அத்தை சொல்வாங்க, பூனை வளக்கறவங்களே கூட சொல்வாங்க. பாதி உண்மைதான். ஆனா வொர்க் ஃப்ரம் ஹோம் காலத்துல தூக்கிட்டு வந்த பூனைங்கதான் இந்த ஊர்ல நெறைய வீட்ல இருக்கு, லாப்டாப்புக்குப் பக்கத்துல நாள் முழுக்க ஒரு ஆள் உக்காந்திருக்கறதப் பாத்தே வளந்ததுங்க, இப்ப கம்பெனிக்காரன் வாரத்துக்கு மூணு நாள் நாலு நாள் வந்தே ஆகணும்ங்கறான், முருகேஷ்பாளையாலேந்து எலக்ட்ரானிக் சிட்டி போறவங்க காலைல எட்டுக்குக் கெளம்பி சில்க் போர்டுல மாட்டி ராத்திரி எட்டுக்குதான் வீடு வந்து சேர்றாங்க. நடுவுல 12 மணி நேரம் பூனை என்ன பண்ணும்?

பெரும்பாலும் தூங்கும். ஒரு நாளைக்கு 12லேருந்து 16 மணி நேரம் தூங்கற பிராணி அது, அதனால காலைலேந்து அழுதுட்டே இருக்குமோன்னு நெனச்சு நீங்க மீட்டிங்ல கலங்க வேண்டாம். முழிச்சிருக்கற மிச்ச நேரத்துலதான் சிக்கல். வீட்ல செய்யறதுக்கு ஒரு வேலையும் இல்ல, நீங்க எப்ப போவீங்க எப்ப வருவீங்கன்னும் புரியல, இந்த ரெண்டும் சேந்தாதான் பூனைக்குப் பித்துப் பிடிக்கும். ரெண்டையும் சரி பண்ணிட்டா தனியா இருக்கறத பெரும்பாலான பூனைங்க தாங்கிக்கும்ங்கறதுதான் என் கட்சி. 2020ல பிரேசில்ல 223 பூனைங்களோட ஓனர்ங்கள கேட்டு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல 30 பூனைக்கு ஆள் இல்லாதப்ப ஏதோ ஒரு தொந்தரவு இருந்துச்சு, பொருள நாசம் பண்றது, ஓயாம கத்தறது, கண்ட இடத்துல மூத்திரம் போறது இப்படி. அந்தத் தொந்தரவோட சேந்து வந்த விஷயங்கள பாத்தா, வீட்ல பொம்மையே இல்ல, கூட வேற பிராணி இல்ல, வாரத்துல அஞ்சுலேருந்து ஏழு தடவ தனியா இருக்கு, ஒரு தடவைக்கு 6 மணி நேரத்துக்கு மேல தனியா இருக்கு. கிட்டத்தட்ட நம்ம ஐடி வாழ்க்கையையே எழுதி வெச்ச கணக்கா இருக்கு.

பூனைக்குப் பாசமே கெடையாதுன்னு வாதாடறவங்களுக்கு இன்னொண்ணு. 2019ல அமெரிக்காவுல ஓரிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டில பூனைக்குட்டிங்கள ஓனரோட ஒரு புது ரூம்ல விட்டு, ரெண்டு நிமிஷம் ஓனர வெளிய அனுப்பிட்டு திரும்பக் கூப்ட்டாங்க, கைக்கொழந்தைங்களுக்குப் பண்ற அதே டெஸ்ட்டு. ஓனர் வந்ததும் ஒரு தடவ வந்து ஒரசிட்டு நிம்மதியா ரூம சுத்திப் பாக்கப் போனதுங்க 64 சதவீதம். அது பாதுகாப்பா ஒட்டிக்கிட்ட கொழந்தையோட லட்சணம்.

<b>மொதல்ல இது ஏக்கம்தானான்னு பாருங்க</b>

நீங்க கெளம்பும்போது கதவுகிட்ட ஓடியாந்து கால சுத்தி கத்தறது, போன உடனே கத்த ஆரம்பிக்கறது, நீங்க இல்லாதப்ப சாப்பாட்ட தொடாம இருந்து வந்ததும் அள்ளி அள்ளி சாப்பிடறது, வயித்துலயும் தொடையிலயும் முடி கொட்டற அளவுக்கு நக்கிக்கறது, வீட்ல நீங்க பாத்ரூம் போனாக்கூட பின்னாடியே வந்து ஒக்காந்துக்கறது, இதெல்லாம் சேந்து வந்தா உங்களப் பிரிஞ்சு இருக்கற ஏக்கம்னு சந்தேகப்படலாம். எல்லாத்துக்கும் மேல கட்டில். கண்ட இடத்துல மூத்திரம் போற ஏக்கப் பூனைங்கள்ல முக்கால்வாசி ஓனரோட கட்டில்லதான் போச்சுன்னு 136 கேஸ எடுத்துப் பாத்து 2002ல ஒரு பேப்பர் வந்துச்சு. அல்சூர்ல தெரிஞ்சவங்க வீட்ல கரெக்டா தலைகாணி மேல போயிருந்துச்சு, அந்த அக்கா "இது வேணும்னே பழி வாங்குதுடா"ன்னு என்கிட்ட ஒரே பொலம்பல். பழி வாங்கறதெல்லாம் பூனைக்குத் தெரியாதுக்கா, உங்க வாசனை அதிகமா இருக்கற எடம் அது, பயந்துபோன பூனை தன் வாசனையையும் அங்க கொண்டுபோய் சேக்குது, அவ்ளோதான்னு சொன்னேன். அடிச்சா, திட்டுனா, மூஞ்சில தண்ணி தெளிச்சா பயம் இன்னும் ஏறும், அடுத்த தடவ சோஃபாவுக்குப் பின்னாடி போய் வெக்கும், உங்களுக்கு நாத்தம் மட்டும்தான் மிச்சம்.

ஆனா ஒண்ணு, மூத்திரப் பிரச்சனைன்னு வந்தாலே மொதல் படி வெட்தான், அதாவது கால்நடை டாக்டர். நீர்ப்பை வீக்கம், கல்லு, இன்ஃபெக்ஷன், எல்லாமே வெளிலேந்து பாத்தா இதே மாதிரிதான் தெரியும். ஆண் பூனை லிட்டர் பாக்ஸுக்கு (மண்ணு போட்டு வெக்கற பூனை கக்கூஸ் பொட்டி) அடிக்கடி போய் முக்கி முக்கி சொட்டு கூட வராம கத்துச்சுன்னா நாளைக்குப் பாக்கலாம்னு விடவே விடாதீங்க, அடைப்பா இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிரே போயிடும், ராத்திரி பன்னெண்டு மணியா இருந்தாலும் ஆட்டோ பிடிச்சு ஓடணும். ராத்திரி தெறந்திருக்கற க்ளினிக் உங்க ஏரியாவுல எதுன்னு இன்னைக்கே விசாரிச்சு நம்பர ஃபோன்ல போட்டு வெச்சுக்கோங்க. ஹெப்பாள்ல கவர்மென்ட் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, எப்பலேந்து எப்ப வரைக்கும் பாக்கறாங்கன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கறது நல்லது. அதே போல ரெண்டு நாள் சுத்தமா சாப்பிடலேன்னாலும் வெயிட் பண்ணாதீங்க, பட்டினி கெடந்தா பூனைக்கு கல்லீரல்ல கொழுப்பு ஏறிடும், குண்டுப் பூனைக்கு ரொம்ப சீக்கிரமா.

கருத்தடை ஆபரேஷன் பண்ணாத பூனைன்னா அதையும் முடிச்சிடுங்க. நாலஞ்சு மாசத்துலயே பருவத்துக்கு வந்துடுங்க, அப்ப ராத்திரி முழுக்க கத்தறதயும் செவுத்துல பீச்சறதயும் ஏக்கம்னு நெனச்சு நீங்க பொம்மை வாங்கிட்டு இருப்பீங்க.

<b>காலைல பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம்</b>

ஒரே ஒரு விஷயம்தான் பண்ண முடியும்னா இத பண்ணுங்க. பூனைக்கு விடிகாலையும் சாயங்காலமும்தான் உடம்பு முறுக்கேறும், அந்த நேரத்துல அது வேட்டையாடியே ஆகணும், எலி இல்லேன்னா உங்க கால் கட்டை விரல். காலைல காபி டிகாஷன் எறங்கற நேரத்துல ஒரு குச்சி, நுனில ஒரு துணித்துண்டோ எறகோ கட்டி, தரையோட ஒட்டி இழுங்க. மூஞ்சிக்கு நேரா ஆட்டாதீங்க, எந்த எலியும் தானா வந்து பூனை மூக்க இடிக்காது. சோஃபாவுக்குப் பின்னாடி மறைங்க, நிறுத்துங்க, லேசா நடுங்க விடுங்க. எங்க வீட்டு நாட்டுப் பூனை சுண்டல் அந்த நடுக்கத்தப் பாத்ததும் முன்னங்கால மடக்கி, தாடைய தரையில வெச்சு, பின்பக்கத்த மட்டும் ரெண்டு பக்கமும் ஆட்டும் பாருங்க, அந்த ஆட்டம் வந்துச்சுன்னா நீங்க சரியா பண்றீங்கன்னு அர்த்தம். நாலஞ்சு தடவ பிடிக்க விடுங்க, கடைசில பிடிச்சு கடிச்சு ஒதைக்க விடுங்க, உடனே சாப்பாடு வைங்க. வேட்டை, சாப்பாடு, ஒடம்ப நக்கி சுத்தம், தூக்கம், இதுதான் பூனையோட வரிசை. இந்த வரிசை முடியற நேரமும் நீங்க ஷூ மாட்டற நேரமும் ஒண்ணா அமைஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, நீங்க கெளம்பறப்ப அது கண்ணு சொக்கிப் போய் கெடக்கும்.

லேசர் லைட்டு பத்தி எனக்கு நல்ல அபிப்ராயம் இல்ல. எவ்ளோ ஓடினாலும் கைல ஒண்ணும் சிக்காது, சில பூனைங்க அதுக்கப்புறம் செவுத்துல எந்த நிழல் ஆடினாலும் வெறிச்சுட்டே இருக்கும். வெச்சிருக்கீங்கன்னா கடைசில ஒளிய ஒரு நிஜ பொம்மை மேலயோ சாப்பாட்டு மேலயோ கொண்டுவந்து நிறுத்திடுங்க, கண்ணுல மட்டும் அடிச்சிடாதீங்க.

ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடியும் இதே ஆட்டம், அப்புறம் கடைசி சாப்பாடு. விடிகாலை நாலு மணிக்கு நெஞ்சு மேல ஏறி உக்காந்து கூப்பிடற பூனைக்கு இதுதான் மருந்து. நாலு மணிக்கு எழுந்து ஒரே ஒரு நாள் சோறு போட்டீங்க, அவ்ளோதான், அது பஞ்சாங்கத்துல குறிச்சு வெச்சுக்கும்.

<b>சாப்பாட்ட சம்பாதிக்க விடுங்க</b>

கிண்ணம் நிறைய கிபுள, அதாவது உலர்ந்த பூனை சாப்பாட்டு உருண்டைய, கொட்டிட்டு போறதுதான் ரொம்பப் பேர் பண்றது. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிச்சுட்டு மீதி நாளைக்கு செவுத்தப் பாக்க வேண்டியதுதான். வெளில இருக்கற பூனை ஒரு நாளைக்கு பத்து தடவைக்கு மேல சின்னச் சின்னதா வேட்டையாடி சாப்பிடும். அதனால காலை பங்குல பாதிய ஒளிச்சு வைங்க. காசு செலவே வேண்டாம், பழைய இட்லி தட்டு எடுங்க, ஒவ்வொரு குழிலயும் நாலஞ்சு கிபுள், மேல ஒரு பிங்பாங் பந்து. பந்த தள்ளினாதான் சாப்பாடு. மொதல் நாள் பந்து இல்லாம வைங்க, ரெண்டாவது நாள் ரெண்டு குழிக்கு மட்டும் பந்து, அப்புறம் எல்லாத்துக்கும். பல்லாங்குழிப் பலகை வீட்ல தூங்குதுன்னா இன்னும் நல்லது. முட்டை ட்ரே, டிஷ்யூ ரோல் அட்டை, டெலிவரி பாக்ஸ்ல நாலு ஓட்டை, எல்லாம் ஓடும், ஆனா தெனமும் ஒரே புதிர் வெச்சா அதுவும் போர் அடிச்சிடும், மாத்தி மாத்தி எடுங்க.

மதியத்துக்கு டைமர் வெச்ச ஆட்டோ ஃபீடர் வாங்கினா நல்லதுதான், கரன்ட் போனாலும் பேட்டரில ஓடற மாடலா பாத்து வாங்குங்க, மழை ஆரம்பிச்சா நம்ம ஊர் கரன்ட்டு லட்சணம் தெரியும்ல. வெட் ஃபுட், அதாவது ஈரமான பூனை சாப்பாடு போடறவங்க அத நாள் முழுக்க வெளிய வெக்காதீங்க, கெட்டுடும். தண்ணிய சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல வெக்காம வேற ரெண்டு மூணு எடத்துல அகலமான கிண்ணத்துல வைங்க.

சைவ வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. மல்லேஸ்வரத்துல ஒரு மாமி வீட்டுப் பூனை தயிர்சாதம் வெளுத்துக் கட்டும்னு பெருமையா சொல்வாங்க. கட்டட்டும், ஆனா அத மட்டும் நம்பி பூனையால வாழ முடியாது. டாரின்னு ஒரு சத்து மாமிசத்துலேந்துதான் அதுக்குக் கெடைக்கணும், கெடைக்கலேன்னா கண்ணு போகும், இதயம் வீங்கும். சமைக்கறதுக்கு மனசு வரலேன்னா பாக்கெட் பூனை உணவு போதும், அதுல டாரின் சேத்துதான் வரும். பாலும் வேண்டாம், வளந்த பூனை பலதுக்கும் செரிக்காது.

<b>ஜன்னல்தான் டிவி</b>

புறா இல்லாத பெங்களூர் அபார்ட்மென்ட் உண்டா? மனுஷனுக்கு தலைவலி, பூனைக்கு அதுதான் நாள் முழுக்க ஓடற சீரியல். ஜன்னலோரமா ஒரு பழைய ஸ்டூல், மேல ஒரு மடிச்ச பெட்ஷீட்டு, காலை வெயில் படற பக்கமா போடுங்க. புறா வந்து ஏசி அவுட்டர் மேல உக்காந்ததும் வாய லேசா தெறந்து பல்லு நடுங்கற மாதிரி ஒரு 'கெக்கெக்கெக்' சத்தம் விடும், பயப்படாதீங்க, குளிரும் இல்ல நோயும் இல்ல, வேட்டை வெறி.

ஆனா அடைப்பு சரியா இருக்கணும். பூனை ஒசரத்துலேந்து விழாதுங்கறது சுத்தப் பேத்தல், புறாவ பிடிக்கப் பாஞ்சு நாலாவது மாடிலேந்து விழுந்து தாடையும் நெஞ்சும் ஒடைஞ்சு வர்ற கேஸ் எந்த வெட்ட கேட்டாலும் சொல்வாங்க. பால்கனில புறா வராம இருக்க நைலான் நெட் அடிச்சிருப்பாங்க, அத பூனை ஒரு வாரத்துல கடிச்சு ஓட்டை போட்டுடும். இன்விசிபிள் கிரில்ல கம்பிக்கு நடுவுல ரெண்டு இன்ச் எடம் இருக்கும், குட்டி நழுவிடும். கீழ மூணு நாலு அடிக்காவது ஸ்டீல் மெஷ் போடுங்க, எஸ்பி ரோடு பக்கம் போனா மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. எல்லாரும் மறக்கற ரெண்டு எடம், ஒண்ணு பாத்ரூம் வென்டிலேட்டர்ல ஒரு கண்ணாடிப் பலகைய கழட்டி எக்ஸாஸ்ட் ஃபேன் வெச்சிருப்பாங்கல்ல அந்த சந்து, ரெண்டாவது கிச்சனுக்குப் பின்னாடி யுடிலிட்டி. அங்க வாஷிங் மெஷின் இருந்தா மூடறதுக்கு முன்னாடி உள்ள கைவிட்டுப் பாத்துட்டு மூடுங்க, சூடான துணி மேல சுருண்டு படுக்கறது அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒசரமும் வேணும். பத்து மாச அட்வான்ஸ வாங்கிட்டு ஆணி அடிச்சா கூட கொறச்சுப்பேன்ங்கற ஹவுஸ் ஓனர்கிட்ட செவுத்துல ஷெல்ஃப் அடிக்க முடியாது, சரி, பீரோ மேல ஒரு பாய விரிச்சு, பக்கத்துல ஒரு புக் ரேக்க படி ஆட்டம் நகத்தி வெச்சா ஆச்சு. நகம் கீறறதுக்கு நார் கால்மிதிய மேசைக் கால்ல நிமிர்த்தி இறுக்கிக் கட்டுங்க, முழு ஒடம்பையும் நீட்டி கீறற மாதிரி மூணடி ஒசரமாவது வேணும், ஆட்டம் குடுத்தா திரும்பிக் கூட பாக்காது. எங்க வைக்கறதுன்னா ஏற்கனவே கீறற சோஃபாவுக்குப் பக்கத்துலயே, ரூம் மூலைல இல்ல.

பூனைங்கள கெறங்க வைக்கற கேட்னிப் செடி எல்லா பூனைக்கும் வேலை செய்யாது, சுமாரா மூணுல ரெண்டுக்குதான். நம்ம ஊர் குப்பைமேனி வேருக்கும் பூனைங்க உருண்டு பெரளும், காலி மனைல முளைச்சு கெடக்கும், வேர கழுவி மோந்து பாக்க விடலாம், தின்ன விடாதீங்க.

லிட்டர் பாக்ஸ் பத்தி சுருக்கமா: ஒரு பூனைன்னா ரெண்டு பாக்ஸ், ரெண்டு பூனைன்னா மூணு, வேற வேற எடத்துல, பூனை நீளத்துல ஒண்ணரை மடங்கு பெருசா, வாசனை சேக்காத கட்டியாகற மண்ணு, தெனமும் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ அள்ளணும். அள்ளினத ஃப்ளஷ் பண்ணாதீங்க, பைப்புல கட்டியாகிடும், நியூஸ்பேப்பர்ல சுத்தி குப்பைல போடுங்க.

<b>ஆள் இல்லாத வீட்ல இருக்கக் கூடாதது</b>

நம்ம வீட்ல மொதல் எதிரி நூலு. மல்லிப்பூ சரம் வாடினதும் பூவ உருவிட்டு நூல அப்படியே டேபிள்ல போட்டுடறோம், தையல் நூல், ரப்பர் பேண்ட், தலைல போடற பேண்ட், எல்லாத்தையும் பூனை முழுங்கும். நாக்குல பின்னோக்கின முள்ளு இருக்கறதால ஆரம்பிச்சா துப்பவும் முடியாது, உள்ள போய் குடல சுருக்குப் பை கணக்கா இழுத்துடும். பின்னாடி நூல் தொங்கினா இழுக்காதீங்க, வெட்கிட்ட கொண்டு போங்க. குச்சி பொம்மையையும் ஆட்டம் முடிஞ்சதும் அலமாரில வெச்சுப் பூட்டுங்க.

பொக்கேல வர்ற லில்லி வீட்டுக்குள்ளயே வரக் கூடாது, மகரந்தத்த நக்கினாலே கிட்னி போயிடும். மணி பிளான்ட், கத்தாழை கைக்கு எட்டாத எடத்துல. டோலோ, க்ரோசின் மாதிரி பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனைய கொன்னுடும், காய்ச்சல்னு நெனச்சு தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க. நாய்க்குப் போடற உண்ணி மருந்துல பெர்மெத்ரின் இருந்தா அதுவும் விஷம். பினாயில், டெட்டால் போட்டு தொடச்சா காஞ்ச அப்புறமும் காலுல ஒட்டி நக்கும்போது உள்ள போகும், பூனை கல்லீரலுக்கு அத ஒடைக்கற சக்தி கம்மி. வேலைக்கு வர்ற அக்காகிட்ட இத தெளிவா சொல்லிடுங்க. மூத்திரம் போன எடத்துக்கு என்சைம் கிளீனர் வாங்குங்க, வேற எது போட்டாலும் நமக்குதான் வாசனை போகும், அதுக்குப் போகாது.

<b>சாவி சத்தம்</b>

இப்ப கெளம்பற பயிற்சி. ஏற்கனவே ஏக்கம் பிடிச்ச பூனைக்கு மேல சொன்னதோட இதுவும் வேணும். நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி வரிசையா சில விஷயம் பண்ணுவீங்க, குளியல், பெல்ட், பேக்ல சார்ஜர திணிக்கறது, ஐடி கார்டு, சாவி. ஒவ்வொண்ணுக்கும் பூனை மூஞ்சி மாறும். சுண்டலுக்கு சாவிதான், கொக்கிலேந்து எடுக்கற அந்த சின்ன 'சிலுங்' கேட்டதும் ஒரு காது மட்டும் திரும்பும், அப்புறம் தலை, அப்புறம் வால் நுனி ஆட ஆரம்பிக்கும். அந்தக் காது திரும்பற கட்டத்துலயே நாம நுழையணும்.

சனிக்கெழமை சும்மா சாவிய எடுங்க, சோஃபால உக்காந்து டிவி பாருங்க, திரும்ப மாட்டுங்க. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ. பேக்க மாட்டிட்டு பாத்திரம் கழுவுங்க. ஷூ போட்டுட்டு காபி குடிங்க. காது திரும்பறது நிக்கற வரைக்கும் இதுதான். அதுக்கப்புறம் கதவ தெறந்து மூடிட்டு உள்ளயே நில்லுங்க. அடுத்து வெளிய போய் பத்து செகண்ட், உள்ள வாங்க. அரை நிமிஷம், ரெண்டு நிமிஷம், லிஃப்ட் சத்தம் கேக்கற வரைக்கும், கீழ போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வர்ற வரைக்கும். நடுநடுவுல கம்மி நேரமும் கலந்து போடுங்க, ஏறிட்டே போனா அதையும் கண்டுபிடிச்சிடும். கத்த ஆரம்பிச்சா அளவு தாண்டிட்டோம்னு அர்த்தம், முந்தின அளவுக்கு எறங்கி மறுபடி ஏறுங்க. வாரக்கணக்கா ஆகும், அவசரப்பட்டா ஒண்ணும் நடக்காது.

நெஜமா கெளம்பும்போது கதவுகிட்ட உக்காந்து "அம்முக்குட்டி, அப்பா போயிட்டு வந்துடறேன்டா செல்லம்"னு அஞ்சு நிமிஷம் கொஞ்சற சீன் வேண்டாம். தட்டுல ஒரு ஸ்பூன் வெட் ஃபுட்ட தடவி வெச்சிட்டு, அது நக்கிட்டு இருக்கும்போதே போங்க. அந்த வெட் ஃபுட் அந்த நேரத்துக்கு மட்டும்தான். வந்ததும் பாக்காம போகணும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது ஒத்து வராது, வந்து ஒரசுச்சுன்னா தலைய சொறிஞ்சு விடுங்க, மெதுவா கண்ண மூடித் தெறங்க, ஆர்ப்பாட்டம் மட்டும் பண்ணாதீங்க.

பழைய ஃபோன ஷெல்ஃப்ல வெச்சு மொதல் ஒரு மணி நேரத்த ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, ஏக்கம் இருந்தா பெரும்பாலும் அதுலயே தெரிஞ்சுடும். எங்க வீட்டுக்கு பதினோரு மணிக்கு வர்ற அக்காதான் எனக்கு கேமரா. "நீங்க போன பெறகு கதவாண்டையே குந்திக்கினு இருந்துச்சு சார், இப்பல்லாம் அந்த இட்லி தட்ட உருட்டிக்கினு கெடக்குது"ன்னு அவங்க சொன்னப்பதான் வேலை செய்யுதுன்னு புரிஞ்சுது. மாசம் கொஞ்சம் சேத்துக் குடுத்தா அஞ்சு நிமிஷம் குச்சி ஆட்டிட்டு போவாங்க, பூனை நாள ரெண்டா ஒடைக்கறதுக்கு இத விட மலிவான வழி இல்ல. கேமரா வழியா பேசறது மட்டும் வேண்டாம், கொரல் வருது ஆள் இல்லேன்னு வீடு பூரா தேடற பூனைங்க உண்டு.

உங்க துவைக்காத டி ஷர்ட்ட பூனை படுக்கற எடத்துல போட்டுட்டு போங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. போடுங்க, தப்பில்ல, அத நம்பி இருக்காதீங்க. யூட்யூப்ல பறவை வீடியோவும் அப்படித்தான், நடுவுல விளம்பரம் அலறும்.

<b>இன்னொரு பூனை வாங்கட்டுமா</b>

குட்டியா எடுக்கறவங்க ரெண்டா எடுங்க, ஒரே ஈத்துக் குட்டிங்கன்னா ரொம்ப நல்லது. அதுவும் நாலு மாசத்துக்குக் கீழ இருக்கற குட்டிய நாலு மணி நேரத்துக்கு மேல தனியா விடக் கூடாது, பகல்ல ஆள் இல்லாத வீடுன்னா வளந்த பூனைய தத்தெடுக்கறதுதான் நியாயம். ஆனா ஏற்கனவே வீட்ட ஆண்டுட்டு இருக்கற நாலு வயசுப் பூனைக்குத் தொணைன்னு திடீர்னு ஒண்ண கொண்டாந்து விட்டீங்கன்னா, அதுக்கு ஏக்கம் இருந்தது உங்க மேல, இன்னொரு பூனை மேல இல்ல. பல சமயம் பிரச்சனை ரெண்டாகும். எடுத்தே தீருவேன்னா புதுச ஒரு ரூம்ல பூட்டி வெச்சு, துணிய மாத்தி மாத்தி வாசனை பழக்கி, மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு வெச்சு, ஒரு ரெண்டு வாரமாவது கழிச்சு மூஞ்சியக் காட்டுங்க.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போறப்ப பூனைய சேலத்துக்கும் திருச்சிக்கும் தூக்கிட்டு அலையறத விட வீட்லயே விட்டுட்டு ஆள் வந்து பாக்கறதுதான் அதுக்கு நிம்மதி, அதுக்கு எடம்தான் முக்கியம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வரணும், ஒரு தடவையாவது அர மணி நேரம் உக்காரணும், கிண்ணத்த நெரப்பிட்டு ஓடறவங்க வேண்டாம். ரெண்டு வாரம் முன்னாடியே அவங்கள வீட்டுக்குக் கூப்ட்டு, நீங்க இருக்கும்போதே அவங்க கையால சாப்பாடு போட வைங்க. தீபாவளின்னா வெடி சத்தம் வேற, உள்பக்கமா இருக்கற ரூம்ல ஜன்னல சாத்தி, ஒரு அட்டைப் பொட்டிய பெட்ஷீட்டால மூடி குகை பண்ணி, லிட்டர் பாக்ஸயும் தண்ணியயும் அதே ரூம்ல வெச்சிட்டுப் போங்க. மெயின் டோர தெறக்கறதுக்கு முன்னாடி அந்த ரூம் கதவு சாத்தியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, வெடிக்கு மெரண்டு ஓடற பூனைய திரும்பப் பிடிக்கறது ரொம்பக் கஷ்டம்.

இதெல்லாம் ஒழுங்கா ஒரு ரெண்டு மாசம் பண்ணியும் வயித்து முடி கொட்டறது நிக்கல, கட்டில் ஈரமாறது நிக்கலேன்னா வெட்கிட்ட மருந்து பத்திப் பேசுங்க. ஃப்ளூஆக்ஸெடின்னு மனுஷங்களுக்குக் குடுக்கற அதே மருந்த பூனைக்கேத்த அளவுல குடுப்பாங்க, வேலை செய்ய நாலு லேருந்து ஆறு வாரம் ஆகும், நடுவுல நீங்களா நிறுத்தக் கூடாது. போகும்போது அந்த ஒரு மணி நேர வீடியோவையும், எந்த நாள் எந்த எடத்துல மூத்திரம் போச்சு, அன்னைக்கு நீங்க எத்தன மணிக்குக் கெளம்பினீங்கங்கற குறிப்பையும் கையோட எடுத்துட்டு போங்க, பாதி கேள்வி அதுலயே முடிஞ்சுடும்.